சேரியின் பாட்டுக்குத் துணை நிற்பது எப்படி? தருமபுரியை முன்வைத்து மக்கள் கவிஞர்களின் உரிமைகள் குறித்த ஒரு வழிகாட்டி

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் அருகிலுள்ள நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளும் சூறையாடப்பட்டன. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டும் நொறுக்கப்பட்டும் நாசமாயின. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களும் வீட்டு ஆவணங்களும் அத்தீயில் சாம்பலாகின. ஒரு சமூகத்தின் எழுத்துப் பதிவுகள் ஒரே மாலையில் அழிக்கப்படும்போது எஞ்சுவது அம்மக்களின் நினைவு மட்டுமே. அந்த நினைவை ஒழுங்குபடுத்தி, பெயர்களையும் நாட்களையும் மறக்கவிடாமல் சொல்லி வருபவர்கள் ஊரின் ஒப்பாரிக்காரர்கள், பறையிசைக் கலைஞர்கள், கூத்துக்காரர்கள், நினைவேந்தல் மேடையில் நான்கு வரி வாசிக்கும் இளைஞர்கள். அவர்களைத்தான் இக்கட்டுரை மக்கள் கவிஞர்கள் என்று அழைக்கிறது.

இதே மாவட்டத்தின் அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்தி இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1992 ஜூன் 20 அன்று அம்மலைவாழ் மக்களின் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய வன்முறையில் 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. குற்றத்துக்கும் உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளும் சாட்சியம் கலையாமல் நின்றதற்குக் காரணம் வழக்குரைஞர்களும் சங்கங்களும் மட்டுமல்லர். நடந்ததைத் தம் சொந்த மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிய அம்மக்களும்தான். வாய்மொழி என்பது இங்கே பொழுதுபோக்கு அன்று. அது வழக்கின் உயிர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரியின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். எழுத்தறிவு 68.5 விழுக்காடு; அன்று தமிழக மாவட்டங்களிலேயே அதுதான் மிகக் குறைவு. அச்சிட்ட கவிதை நூல் எட்டாத வீடுகளுக்குப் பாட்டு எட்டுகிறது. எனவே இங்கு ஒரு கவிஞரைக் காப்பதும் ஒரு சமூகத்தின் நினைவைக் காப்பதும் வேறு வேறு வேலைகள் அல்ல. ஆனால் அதற்கான சட்ட, பொருளாதார, அமைப்பு ஏற்பாடுகள் நம்மிடம் மிகக் குறைவாகவே உள்ளன. இருக்கும் கருவிகள் எவை, அவற்றை எப்படிப் பயன்படுத்துவது, எவற்றை நாமே உருவாக்க வேண்டும் என்பதைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்கள் கவிஞர்: ஒரு மரபின் சுருக்க வரலாறு

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதையைப் பாடநூலில் படிக்காத தமிழ் மாணவர் இல்லை. புரவலர் கொடுக்க, புலவர் பாட, இருவரும் புகழ் பெறும் உறவு அது. அதே சங்க இலக்கியத்தில் யாழோடும் பறையோடும் துடியோடும் ஊர் ஊராக நடந்த பாணர், பறையர், துடியர் ஆகியோரும் இருக்கிறார்கள். பிற்காலத்தில் பாணர் தீண்டத்தகாதோராகத் தாழ்த்தப்பட்டதைத் திருப்பாணாழ்வார் கதையே காட்டுகிறது. பாடியவர் இழிந்தவராகவும், பாட்டு உயர்ந்ததாகவும் பிரிக்கப்பட்ட அந்த வரலாறு இன்றும் முடிந்துவிடவில்லை.

நவீன காலத்தில் இந்தப் பிரிவினையை எதிர்த்தவர்களின் வரிசை நீளமானது. அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் பழம்பாடல்களையும் வழக்காறுகளையும் சாதியெதிர்ப்பு நோக்கில் மறுவாசிப்புச் செய்தது. கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடலை முனைவர் கே.ஏ. குணசேகரன் தம் குரலால் சேரிதோறும் கொண்டு சேர்த்தார். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் விடுதலைப் பாடல்களை இயற்றினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு, இழிதொழிலின் அடையாளமாகச் சுமத்தப்பட்டிருந்த பறையைத் தலித் பெண்களின் கைகளில் தன்மானத்தின் கருவியாக மாற்றியது. ஒசூரை அடுத்த எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில், சித்தலிங்கையாவின் பாடல்களும் தலித் சங்கர்ஷ சமிதியும் 1970-களில் ஒன்றையொன்று வளர்த்தன.

தருமபுரி மண்ணிலிருந்து வந்தவர்களுள் ஆதவன் தீட்சண்யா முக்கியமானவர். இம்மாவட்டத்து அலமேலுபுரத்தில் 1964-ல் பிறந்த அவர், ஒசூரில் தொலைபேசித் துறையில் பணியாற்றிக்கொண்டே கவிதைகளும் கதைகளும் எழுதினார். ‘புதுவிசை’ இதழை நடத்தினார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் பொதுச்செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். மாதச் சம்பளம் தரும் வேலை, தமக்கென ஓர் இதழ், பின்னால் நிற்கும் ஓர் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தபோது ஒரு தலித் கவிஞர் நாற்பது ஆண்டுகள் தளராமல் இயங்க முடிந்திருக்கிறது. இம்மூன்றில் ஒன்றுகூட இல்லாதவர்களே இன்று பெரும்பான்மை. செங்கல் சூளையிலும் பெங்களூரு கட்டடப் பணியிலும் திருப்பூர் ஆலையிலும் வேலை செய்துவிட்டு, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பாட்டெழுதும் இளைஞரை எந்த அமைப்பு தாங்கும் என்பதே கேள்வி.

கவிஞர்கள் எவ்வாறு மௌனமாக்கப்படுகிறார்கள்?

தடை என்றவுடன் நூலைத் தடைசெய்யும் அரசாணை நினைவுக்கு வருகிறது. நடைமுறையில் அது அரிது. மக்களோடு இயங்கும் கவிஞர்கள் எதிர்கொள்ளும் வழிகள் வேறு.

முதலாவது, ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. நாமக்கல்லில் 2015 ஜனவரி 12 அன்று நடந்தது இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை முன்னிட்டு எழுத்தாளர் பெருமாள்முருகனை வருவாய் அலுவலர் முன்னிலையில் அழைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினர். நல்ல வேளையாக, தமுஎகச தலைவராக இருந்த ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அப்படி எழுதி வாங்கிய உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. புகழ்பெற்ற ஒரு நாவலாசிரியருக்கே இது நேர்ந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஊர்ப் பெரியவர்கள் சூழ நிறுத்தப்படும் ஒரு சேரி இளைஞர், முன்வைக்கப்படும் தாளில் கையெழுத்திடாமல் வெளியே வருவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, முதல் தகவல் அறிக்கை. 2015 அக்டோபர் 30 அன்று மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், மதுக்கடைகளை மூடக் கோரிய பாடலுக்காகத் தேசத்துரோகப் பிரிவில் திருச்சியில் கைது செய்யப்பட்டார். 2018-ல் வேறொரு பாடலுக்காக மீண்டும் கைது. இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் தண்டனையில் முடிவதில்லை. ஆனால் பிணைக்கு அலைவதும், வாய்தாவுக்குக் கூலியை இழப்பதும், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கையில் வழக்கைக் குறிப்பிட நேர்வதும் தாமே தண்டனைகள்.

மூன்றாவது, ஊர்விலக்கும் பொய் வழக்கும். புதுக்கோட்டை மாவட்டம் குளந்திரான்பட்டைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் துரை. குணா, 2014-ல் ‘ஊரார் வரைந்த ஓவியம்’ என்ற குறுநாவலை வெளியிட்டபின் அவரது குடும்பம் புறக்கணிப்புக்கு ஆளானது; ஊரைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது. 2016 ஜூனில் அவர் ஒரு புகாரின்பேரில் கைது செய்யப்பட்டபோது, அது பொய்ப் புகார் என எழுத்தாளர்களும் இயக்கங்களும் கண்டித்தனர்.

நான்காவது, தடையுத்தரவு. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் இறந்த பின்னர் தருமபுரியில் 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இத்தகைய உத்தரவுகள் நடைமுறைக்கு வரும்போது முதலில் நின்றுபோவது நினைவேந்தல் கூட்டமும் அதன் மேடைப் பாட்டுமே.

ஐந்தாவது, பாடத்திலிருந்து நீக்கம். 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகள் நீக்கப்பட்டன. மற்ற நான்கும் உடலையும் வாழ்வையும் தாக்குகின்றன. இது அடுத்த தலைமுறையின் வாசிப்பைத் தாக்குகிறது.

சட்டம் தரும் கருவிகள்

இத்தாக்குதல்கள் ஒவ்வொன்றுக்கும் எதிராகச் சட்டத்தில் ஒரு பிடி உண்டு. அவற்றை அறிந்து வைத்திருப்பது களச் செயற்பாட்டாளரின் கடமை.

1. *எதிர்ப்பவர் கூட்டம் கூடுவதால் பேச்சைத் தடுக்க முடியாது.* ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்பட வழக்கில் (எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம், 1989) உச்ச நீதிமன்றம், எதிர்ப்பாளர்களைக் கையாள இயலவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றது. கலைநிகழ்ச்சிக்கு ‘சட்டம் ஒழுங்கு’ காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மேல் அலுவலருக்கு எழுதும் மனுவில் இத்தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

2. *பாட்டை முன்கூட்டியே காவல் நிலையத்தில் காட்ட வேண்டியதில்லை.* நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் அளித்து அனுமதி பெறச் சொன்ன 1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது. ஒலிபெருக்கிக்கும் பொது இடத்துக்கும் அனுமதி கேட்பது வேறு. பாட்டின் வரிகளுக்கு அனுமதி கேட்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

3. *கவிதைக்கு எதிரான புகாரில் முதற்கட்ட விசாரணை கேட்கலாம்.* பிரிவினரிடையே பகைமை வளர்த்தல் என்ற குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் உள்ளது. 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில், கவிதை ஒன்றுக்காகக் குஜராத்தில் பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய பேச்சு, எழுத்து சார்ந்த புகார்களில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)-ஆம் பிரிவின்கீழ் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றது. சொற்களின் விளைவை உறுதியான மனம் படைத்தோரின் அளவுகோலால் மதிப்பிட வேண்டும்; எதற்கெடுத்தாலும் அஞ்சுவோரின் அளவுகோலால் அன்று எனவும் விளக்கியது. இன்றைய நிலையில் கவிஞர்களுக்குக் கிடைத்துள்ள மிக வலுவான கேடயம் இது.

4. *வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.* 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும் விதிப்பதாக மிரட்டுவதும் 3(1)(ZC) என்ற உட்பிரிவின்கீழ் குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிராகப் பொய்யான, தீய நோக்குள்ள வழக்குத் தொடுப்பதும், பொது ஊழியருக்குப் பொய்த் தகவல் தந்து அவரது அதிகாரத்தை அவர்களுக்கு எதிராக ஏவுவதும் இதே பிரிவின் தனித்தனி உட்பிரிவுகளில் குற்றங்களாக உள்ளன. இச்சட்டத்தின்கீழ் புகார் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18-A பிரிவு. கவிஞர்மீது புகார் வந்தால் முதற்கட்ட விசாரணை கோரலாம். கவிஞர் வன்கொடுமைப் புகார் தந்தால் அதைத் தாமதிக்கக் கூடாது. இவ்விரண்டையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

5. *கவிஞரும் சாட்சியே.* இச்சட்டம் ‘சாட்சி’ என்பதற்கு, குற்றம் குறித்த விவரம் அறிந்தவர், விசாரணைக்குத் தேவையான தகவலை வைத்திருப்பவர் ஆகியோரையும் உள்ளடக்கும் விரிந்த விளக்கம் தருகிறது. வன்கொடுமை நடந்த ஊரில் நடந்ததைப் பதிவு செய்து பாடிவரும் ஒருவர் அந்த விளக்கத்துக்குள் வரக்கூடும். அவருக்கு 15-A பிரிவின்கீழ் பாதுகாப்புக் கோரிச் சிறப்பு நீதிமன்றத்தை அணுகலாம்.

6. *படைப்பும் சொத்தே.* நாக்பூரில் வாழ்ந்த தலித் ஆய்வாளர்களான க்ஷிப்ரா உகே, சிவசங்கர் தாஸ் இணையர் தம் ஆய்வுத் தரவுகள் வீட்டிலிருந்து அபகரிக்கப்பட்டதற்கு இழப்பீடு கோரினர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கூறும் சொத்திழப்பில் அறிவுசார் சொத்தும் அடங்கும் என 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தீர்ப்பளித்தது. மகாராஷ்டிர அரசின் மேல்முறையீட்டை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இதன் பொருள் நமக்கு மிகப் பெரிது. எரிக்கப்பட்ட வீட்டில் ஒரு பாட்டு நோட்டு இருந்தால், உடைக்கப்பட்ட செல்பேசியில் ஒப்பாரிப் பதிவுகள் இருந்தால், பானை, பாத்திரம், இருசக்கர வண்டியோடு அவற்றையும் இழப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2012-ல் அப்படிச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை.

7. *தடையுத்தரவுக்கும் எல்லை உண்டு.* பழைய 144 இப்போது 163-ஆம் பிரிவு. நியாயமான கருத்து வெளிப்பாட்டை ஒடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என 2020-ல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உத்தரவின் நகலைப் பெறுவதே எதிர்ப்பின் முதல் படி.

8. *இலவசச் சட்ட உதவி.* சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-ன் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவச வழக்குரைஞர் உதவி உண்டு. தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் விண்ணப்பித்தால் போதும்.

இக்கருவிகளில் ஒரு பெரும் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவராக மாறிய தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. ஆகவே சேரியில் அதே இழிவைச் சுமக்கும் தலித் கிறித்தவப் பாடகருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை வராது. இத்தகையோருக்கான வழக்குகளைப் பொதுக் குற்றவியல் சட்டத்தையும் அரசியலமைப்பின் 19, 21-ஆம் உறுப்புகளையும் கொண்டே நடத்த வேண்டியுள்ளது.

அழைப்பாணை வந்தால்: சுருக்கக் குறிப்புகள்

• ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், கைது அவசியமில்லாதபோது காவல்துறை 35(3) பிரிவின்கீழ் அறிவிப்பு தந்தே அழைக்க வேண்டும். தொலைபேசியில் ‘வந்துட்டுப் போ’ என்று அழைத்தால் எழுத்தில் அறிவிப்புக் கேளுங்கள். அறிவிப்பு வந்தபின் செல்லாமல் இருக்காதீர்கள்.

• தனியாகச் செல்லாதீர்கள். வழக்குரைஞர் ஒருவரும் ஊர்ப் பெண்களுள் ஒருவரும் உடன் செல்வது நல்லது.

• அமைதிக் கூட்டத்தில் கையெழுத்திடுமுன் நகல் கேளுங்கள்; படித்துப் பார்க்க நாள் கேளுங்கள். கட்டாயத்தால் கையெழுத்திட நேர்ந்திருந்தால், மறுநாளே அதை எழுதி மாவட்ட ஆட்சியருக்குப் பதிவு அஞ்சல் அனுப்புங்கள்.

• செல்பேசியோ நோட்டோ கைப்பற்றப்பட்டால் கைப்பற்றல் பட்டியலின் நகலைப் பெறாமல் நகராதீர்கள்.

• பாடலின் முழு வரிகளையும் நிகழ்ச்சியின் முழு ஒளிப்பதிவையும் பாதுகாத்து வையுங்கள். பெரும்பாலான வழக்குகள் வெட்டியெடுத்த முப்பது நொடிக் காட்சியின் மீதே கட்டப்படுகின்றன.

பெயரும் உரிமையும்

ஒடுக்குமுறை எப்போதும் காவல் சீருடையில் வருவதில்லை. சில வேளைகளில் அது ஒப்பந்தத் தாளாகவும் வரும். 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் ஒலித்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலின் வரிகள் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவுடையவை. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்விலிருந்து எழுந்தவை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அவர் இடம்பெறாததும், 2022 ஜூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமலே பாடல் அரங்கேறியதும் பெரும் விவாதமாயின. பாடலில் தம் பங்கு குறித்து மற்ற இரு கலைஞர்களும் தம் தரப்பை விளக்கினர். யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. எழுதியவர் பெயர் எவ்வளவு எளிதில் காட்சியிலிருந்து நழுவிவிடக்கூடும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பதிப்புரிமைச் சட்டம், 1957 சொல்லும் சில அடிப்படைகள்: பாட்டை எழுதிய நொடியே உரிமை எழுதியவருடையது, பதிவு கட்டாயமில்லை. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு மட்டுமே செல்லும், வாய்ச்சொல் போதாது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்தாண்டுகளில் முடிந்துவிடும். நிலப்பரப்புக் குறிப்பிடாவிட்டால் அது இந்தியாவுக்கு மட்டுமே. உரிமையை விற்ற பின்னும், இது என் படைப்பு என்று சொல்லும் தார்மீக உரிமை 57-ஆம் பிரிவின்கீழ் எழுதியவரிடமே நிற்கும். 2012 திருத்தத்துக்குப் பின், திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறும் பாடலுக்கான உரிமைத்தொகைப் பங்கைப் பாடலாசிரியர் விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாலும் அது செல்லாது.

ஒப்பாரி, கும்மி போன்ற கூட்டுப் படைப்புகளுக்கு இச்சட்டம் அநேகமாக எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற இரு சொற்களுக்குப் பின்னால் ஒரு சேரிப் பெண்ணின் பெயர் மறைந்துபோகிறது. எனவே பதிவு செய்வோர், பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை அவரது இசைவோடு குறித்து, பதிவின் நகலை அவரிடமே கொடுப்பதைக் குறைந்தபட்ச அறமாகக் கொள்ள வேண்டும்.

அரசுத் திட்டங்கள்: கேட்டுப் பெற வேண்டியவை

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரானால் கல்வி, திருமணம், விபத்து, இறப்பு உள்ளிட்ட உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலை மன்றம், கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுவாரியாக விருதுகள் வழங்குகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் சிறந்த படைப்புகளை நூலாக்க அரசு நிதியுதவியும் உள்ளது. தகடூர் புத்தகப் பேரவை முன்னின்று நடத்தும் தருமபுரி புத்தகத் திருவிழா உள்ளூர்ப் படைப்பாளிகளுக்கு மேடை தரக்கூடிய வாய்ப்பு.

ஆனால் இத்திட்டங்கள் யாவும் கவிஞரை நலிந்தவராகவோ, நூலாசிரியராகவோ, மேடைக் கலைஞராகவோ மட்டுமே காண்கின்றன. ஓர் ஊரில் தங்கி, அம்மக்களோடு பேசி, பாடல் உருவாக்கி, பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலையை எந்தத் திட்டமும் வேலையாகக் கணக்கிடவில்லை. அமெரிக்காவில் 2019 முதல் அமெரிக்கக் கவிஞர்கள் கழகம், மெலன் அறக்கட்டளையின் நிதியோடு, நகரங்கள், மாகாணங்கள், பழங்குடி தேசங்கள் ஆகியவற்றின் அரசவைக் கவிஞர்களுக்குப் பெருந்தொகையை நல்கையாக வழங்கி வருகிறது. வெளிவந்த நூலுக்கான பரிசு அன்று அது; தம் மக்களோடு இனி செய்யப்போகும் பணிக்கான துணை. அத்தொகை நமக்குக் கனவு. ஆனால் அக்கொள்கையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஆண்டுக்குச் சில மாதம் உள்ளூர்க் கவிஞர் ஒருவரை ஊதியத்தோடு அமர்த்தும் திட்டத்தைக் கோரிக்கையாக முன்வைக்கலாம்.

யார் தரும் பணம் என்ற கேள்வியும் உண்டு. 2023 பிப்ரவரியில் சுகிர்தராணி, தமக்கு அறிவிக்கப்பட்ட ஊடக விருது ஒன்றை, அதன் புரவலர் அதானி குழுமம் என்பதால் மறுத்தார். இன்குலாபின் குடும்பத்தினர் 2017-ல் அவருக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதமி விருதை ஏற்கவில்லை. இம்மறுப்புகளை நாம் கொண்டாடினோம், கொண்டாடத்தக்கவையே. ஆனால் மறுக்கும் வலிமை ஒரு கவிஞருக்கு எப்போது வாய்க்கும்? மாற்றாகத் தாங்கும் கைகள் இருக்கும்போது.

இயக்கங்களின் பொறுப்பு

இங்கே நம் தரப்பையும் கேள்விக்குட்படுத்த வேண்டும். தலைவர் வரும்வரை கூட்டத்தை நிறுத்தி வைக்கப் பாடகரைப் பயன்படுத்துவதும், தலைவர் வந்ததும் பாட்டைப் பாதியில் நிறுத்துவதும் எல்லாக் கட்சி மேடைகளிலும் காணும் காட்சி. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் துண்டறிக்கைக்கும் பணம் ஒதுக்கப்படுகிறது, பாடியவருக்குச் சால்வை. அன்றைய கூலியை இழந்து வந்தவருக்குச் சால்வையால் ஆவது என்ன? கூலி உழைப்பாளரின் இயக்கம் தன் கலைஞரிடம் இலவச உழைப்பை எதிர்பார்ப்பது முரண்.

எனவே இயக்கங்களுக்குச் சில முன்மொழிவுகள். ஒவ்வொரு நிகழ்ச்சியின் வரவு செலவுத் திட்டத்திலும் கலைஞர் ஊதியம் தனி வரியாக இடம்பெற வேண்டும். அது அவ்வட்டாரத்தின் ஒருநாள் கூலிக்கும் பயணச் செலவுக்கும் குறையக் கூடாது. மாவட்ட அளவில் ஒரு சட்டப் பாதுகாப்பு நிதியும், அழைத்தவுடன் வரும் மூன்று வழக்குரைஞர்களின் பட்டியலும் வேண்டும். பெண் கலைஞர்கள் இரவு நிகழ்ச்சி முடிந்து பாதுகாப்பாக வீடு சேர்வது அமைப்பாளரின் பொறுப்பு. இயக்கத்தை விமர்சிக்கும் பாட்டுக்கும் மேடை வேண்டும். சேரிக்குள் நிகழும் குடும்ப வன்முறையை, உட்சாதி வேற்றுமையைப் பாடும் பெண் கவிஞரிடம் ‘இப்போது இது தேவையா?’ என்று கேட்பதும் ஒரு தணிக்கையே.

மராத்தியத் தலித் பாடகர் விலாஸ் கோக்ரேயின் முடிவு நமக்கு எச்சரிக்கை. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தலித்துகள் கொல்லப்பட்டதைக் கண்டு மனமுடைந்து, சில நாட்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். சாவுகளைப் பாடிக்கொண்டே இருப்பவரின் உள்ளத்தில் அச்சாவுகள் தங்குகின்றன. நினைவேந்தல் முடிந்ததும் பாடியவரிடம் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்கும் வழக்கம் நம் இயக்கங்களில் உருவாக வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு

மாணவர்கள் செய்யக்கூடியவை பல. அவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. சொந்த ஊரின் பாடகர் ஒருவரை இசைவு பெற்றுப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், நாள், பாடப்படும் சூழல் ஆகியவற்றைக் குறித்து, பதிவை மூன்று வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் ஆவணம் ஒரே தீயில் போய்விடும் என்பது தருமபுரி கற்பித்த பாடம். பதிவுகளில் பெயர் வெளியானால் எவருக்கேனும் ஆபத்து நேருமா என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். தமிழ்த்துறைக் கருத்தரங்குகளுக்குக் கவிஞர்களை ஆய்வுப் பொருளாக அன்றி, ஊதியம் பெறும் உரையாளராக அழைக்கக் கோருங்கள். சட்டம் பயில்வோர் மேற்கண்ட பிரிவுகளை ஒரே தாளில் எளிய தமிழில் எழுதி, கலைக்குழுக்களிடம் கொடுங்கள்.

அதியமான் காலம் முதல் கவிஞரைத் தாங்குவது கொடையாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. கொடையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது. கூலி, பெயர், பாதுகாப்பு, சட்டத் துணை ஆகிய நான்கையும் மக்கள் கவிஞரின் உரிமைகளாக ஏற்று, அடுத்த நினைவேந்தல் கூட்டத்தின் வரவு செலவுத் தாளிலிருந்தே நாம் தொடங்கலாம்.